திரும்பி வந்த பெட்டி

“டீச்சர், என் நாற்காலி எனக்கு இன்னைக்கே வேணும். இல்லன்னா இந்த வேலையே வேண்டாம்.”

அரியமுத்து வந்ததும் வராததுமாகச் சொன்னது இதுதான்.

எஸ்தர் டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அந்தக் கத்தரிக்கோலை எடுங்க அண்ணாச்சி,” என்றார்.

அரியமுத்து எடுத்துக் கொடுத்தார்.

குரு, சீடன் கதை என்றதும் குருவுக்குத் தாடியும் சீடனுக்கு அரும்பு மீசையும் ஒட்டிவிடாதீர்கள். இங்கே சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை உண்டு. நெஞ்சைத் திறந்து தைத்த தையல் உண்டு. மூக்குக்கு மேலே கோபம் உண்டு.

குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். தூத்துக்குடியில் நெட்வொர்க் கேபிள் பிடிக்கிற கைகளில் பாதி அவரிடம் மாலை வகுப்பு படித்த கைகள்தான், அரியமுத்துவின் கைகளும் சேர்த்து. எங்கே புதிதாக ஒன்றை மாட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இன்று கூப்பிட்டிருந்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே நெட்வொர்க் அறைக்குத் தலைவர் அரியமுத்து.

தலைவராக இருந்தார் என்று சொல்வதா, இருக்கிறார் என்று சொல்வதா? அதுதானே வழக்கே.

நெஞ்சு ஆபரேஷனுக்காக மூன்று மாதம் விடுப்பில் போனார். அந்த மூன்று மாதமும் அவருடைய உதவியாளன் இசக்கிராஜ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். இன்று காலை அவர் திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தால், அவருடைய நாற்காலியில் இசக்கிராஜ். காதில் போன்.

பார்த்ததும் துள்ளி எழுந்துவிட்டான் பாவம்.

“வாங்க அண்ணாச்சி! உடம்பு எப்படி இருக்கு?”

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஒரு ரெண்டு வாரம் பக்கத்துல இருந்து பாருங்க அண்ணாச்சி. நிறைய மாறியிருக்கு. அப்புறம் நீங்களே எடுத்துக்கோங்க.”

“எனக்கே பாடம் எடுக்கியாலே?” என்று ஒரு கத்து. கதவை அறைந்து சாத்திவிட்டு, டீச்சர் புதுப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த ஸ்டோர் ரூமுக்கு நேராக வந்துவிட்டார்.

“கேபிளை எப்படி வெட்டணும்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் டீச்சர். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையால்ல இருக்கு!”

“விரட்டுனானா?”

“பக்கத்துல உக்காரச் சொல்லுதான்.”

“ம்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் கேப்பாரு.”

“சொல்லுவோம். முதல்ல இந்த ரெண்டு பெட்டியையும் ஜோடி போடுங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல யார்டுல மாட்டணும்.”

அரியமுத்து லேப்டாப்பைத் திறந்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இசக்கிராஜ் மேல் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவருக்கு இருந்தது பயம்.

மூன்று மாதம் அவர் இல்லாமல் யார்டு நின்றதா? நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ‘அண்ணாச்சி, இது எப்படி, அது எப்படி’ என்று போன் வரும் என்று காத்துக் கிடந்தார். முதல் வாரம் வந்தது. அப்புறம் வரவில்லை. உடம்பைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று அவர் மனைவி சொன்னார். அந்த ஆறுதல் அவருக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். பெயர் ஸ்விட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. லாரி வந்தால் கேட் திறக்க வேண்டும், எடைமேடை எடையைச் சொல்ல வேண்டும், கேமரா நம்பரைப் படிக்க வேண்டும், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் போய்ச் சேர வேண்டும். இவை அத்தனையும் ஒன்றோடொன்று பேசுவது அந்தப் பெட்டி வழியாகத்தான். பெட்டி படுத்தால் யார்டு படுத்துவிடும். அதனால்தான் இப்போது இரண்டாக வாங்கியிருக்கிறார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று.

மேலே வைத்ததற்கு மூத்தது என்று பெயர் வைத்தார் அரியமுத்து. கீழே வைத்தது இளையது. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டைக் கேபிளைச் செருகினார்.

“இது எதுக்கு?” என்றார் டீச்சர்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

“ஒண்ணு இன்னொண்ணைக் கேட்டுக்கிட்டே இருக்கும். இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். பதில் வரலன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம்.”

“செத்துப்போச்சா, கேபிள் அறுந்துபோச்சா?”

அரியமுத்து தாடையைச் சொறிந்தார்.

“ரெண்டும் உசுரோட இருந்து கேபிள் மட்டும் போச்சுன்னா?” டீச்சர் விடவில்லை.

“ரெண்டும் நான்தான் தலைன்னு கிளம்பிரும். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்.”

எழுந்து போய் இன்னொரு கேபிளை எடுத்து வந்தார். வேறு பக்கமாகச் சுற்றி மாட்டினார். ஒன்று அறுந்தாலும் மற்றது கேட்கும்.

“ரெண்டும் ஒண்ணா எழுந்திரிச்சா யாரு தலை?”

“மூத்ததுதான். அதுக்குப் பெரிய நம்பர் கொடுத்திருக்கேன்.”

“எழுந்ததும் வேலையை ஆரம்பிச்சிருமா?”

“ஆரம்பிக்காது. மத்தது எழுந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்கும். சேர்ந்துதான் ஆரம்பிக்கும். சண்டைக்கே இடமில்ல பாருங்க.”

டீச்சர் கையை நீட்டினார். இரண்டு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினார். இளையதன் பவர் கார்டைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மூத்ததை மட்டும் மறுபடி மாட்டினார்.

மூத்தது விசிறி இரைய எழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

டீ வந்தது. குடித்தார்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“டீ ஆறிப்போயிருக்கு,” என்றார் டீச்சர்.

“கேன்டீன்ல எப்பவும் அப்படித்தான்.”

மஞ்சள் விளக்கு மாறவே இல்லை.

“என்ன பண்ணுது அண்ணாச்சி?”

“காத்திருக்கு.”

“யாருக்கு?”

அரியமுத்து டீச்சரின் கைப்பையைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. காலையிலிருந்து முதல் சிரிப்பு.

“வராதவனுக்கு,” என்றார். “சரி, சரி. ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கட்டும். வரலன்னா தனியா ஆரம்பிக்கட்டும்.”

அப்படியே எழுதினார். டீச்சர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போது மூத்தது விழுந்தா?”

“இளையது எடுத்துக்கும்.”

“மூத்தது திரும்பி வந்தா?”

அரியமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

“உடனே தன் இடத்தை வாங்கிக்கும். அதான முறை?”

“உடனேயா?”

“வந்த நிமிஷமே.”

“சரி. எழுதுங்க.”

எழுதினார். கீபோர்டு ஸ்டோர் ரூமுக்கு வெளியே வரைக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு தட்டு.

சாப்பாட்டு நேரம் வந்தது. பெட்டிகளை ரேக் அறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார்கள். மற்ற கேட்டுகளை மூடிவிட்டு மூன்றாம் கேட்டை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். உப்பு ஏற்றின லாரிகள் வரிசையாக நின்றன. மேற்கேயிருந்து அடித்த கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இசக்கிராஜ் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கேட்டில் நின்றான்.

அங்கிருந்து அரியமுத்துவுக்குப் போன் வந்தது.

“தயார் அண்ணாச்சி. நீங்க சொன்னதும் பாக்கேன்.”

“ம்,” என்றார் அரியமுத்து. அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை அவர் வாயிலிருந்து.

மூத்ததன் பிளக்கைப் பிடுங்கினார்.

லேப்டாப்பில் கேட்டின் கேமராப் படம் ஒரு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். கேட்டுக் கட்டை உயர்ந்தது. லாரி போனது. கட்டை இறங்கியது. அடுத்த லாரி வந்தது.

“நல்லா எடுத்துக்கிட்டுது,” என்றார் டீச்சர்.

அரியமுத்துவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தையல் போட்ட இடம் என்று நினைத்துத் தடவிக்கொண்டார்.

பிளக்கை மறுபடி மாட்டினார். மூத்தது எழுந்தது. மஞ்சள். மஞ்சள். பச்சை.

“வந்துட்டான் பாருங்க!” என்று கையைத் தட்டினார்.

படம் உறைந்துபோனது.

கட்டை பாதி உயர்ந்தபடி நின்றது. ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். பின்னால் இருந்தவனும் அமுக்கினான். அப்புறம் கேட்கவா வேண்டும், வரிசை முழுக்க அமுக்கியது. ரேக் அறை வரைக்கும் கேட்டது.

போன் அடித்தது.

“அண்ணாச்சி, எல்லாம் நின்னுபோச்சு! என்ன செஞ்சீய?”

“மூத்தது வந்திருச்சுலே. தலையை வாங்கிட்டு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இங்க ஒண்ணும் சரியா இல்ல அண்ணாச்சி! டிரைவரு என் சட்டையைப் பிடிக்க வாரான்!”

அரியமுத்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். மூத்தது நான்தான் தலை என்று காட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கேட்டுக்கு எந்த வழி, எடைமேடைக்கு எந்த வழி என்று பெட்டி தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதைத் திறந்து பார்த்தார். காலி. துடைத்துப் போட்ட சிலேட்டு.

“தலைங்குது. ஆனா ஒண்ணும் தெரியல இதுக்கு,” என்றார்.

“யாருக்குத் தெரியும்?”

“இளையதுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் அதுதான ஓட்டுச்சு.”

“அது ஏன் சொல்லல?”

“வந்ததும் வராததுமா எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டா அது எப்பத்தான் சொல்லும்?”

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது.

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “ஹாரன் காதைக் கிழிக்கு. முதல்ல அதைப் பாருங்க,” என்றார்.

மூத்ததன் பிளக்கை மறுபடி பிடுங்கினார் அரியமுத்து. இளையது எடுத்துக்கொண்டது. கட்டை மீதிப் பாதியும் உயர்ந்தது. ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அவர் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். இந்த முறை விரல் மெதுவாகத்தான் நடந்தது.

“திரும்பி வந்ததும் சும்மா இருக்கணும்,” என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். “கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரிஞ்சு முடியிற வரைக்கும்.”

“முடிஞ்சதும் தலையை வாங்கிக்கணுமா?”

விரல் நின்றது.

“இளையது நல்லா ஓட்டுதுன்னா…”

“ஓட்டுதுன்னா?”

“வாங்க வேண்டிய அவசியமில்ல. கை மாறுற ஒவ்வொரு தடவையும் ஒரு சிமிட்டு இருக்கு.”

“அப்போ அந்த வரியை எடுத்துருங்க.”

ஒரே ஒரு வரி. எடுக்க ஒரு நொடி போதும். அரியமுத்துவால் எடுக்க முடியவில்லை.

“அப்போ மூத்தது எதுக்கு டீச்சர்?”

பெரிய மனுஷன், கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவும் தெரியவில்லை அவருக்கு.

“கரண்டைக் குடிச்சுட்டு, விளக்கை எரிய விட்டுக்கிட்டு ஓரமா நிக்கவா? தண்டச்சோறா அது?”

இது பெட்டியைப் பற்றிய கேள்வி இல்லை. டீச்சருக்கும் அது தெரியும். வேறு யாராவது இருந்தால் தோளைத் தட்டி நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

“வரியை எடுங்க. மூத்ததை மாட்டுங்க,” என்றார் டீச்சர்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தார். மாட்டினார். மூத்தது எழுந்தது. பச்சை வந்த பிறகும் அது எதையும் பிடுங்கவில்லை. அதன் காலிக் கணக்கில் ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது. மூன்றாம் கேட். எடைமேடை. கேமரா. ஆபீஸ். இளையது சொல்லச் சொல்ல அது வாங்கிக்கொண்டது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“இப்ப இளையதோட பிளக்கைப் பிடுங்குங்க.”

“இப்பவா? கேட்ல லாரி நிக்கே டீச்சர்!”

“பிடுங்குங்க.”

கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார்.

ஹாரன் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. கண்ணைத் திறந்தார். கட்டை உயர்ந்தது. லாரி போனது. கட்டை இறங்கியது. அடுத்த லாரி வந்து எடைமேடையில் ஏறியது. எடை விழுந்தது.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

“அண்ணாச்சி, சாப்பாட்டு நேரம் முடியப்போகுது,” என்றான் இசக்கிராஜ். “அடுத்த சோதனையை எப்ப ஆரம்பிக்கப் போறீய?”

அரியமுத்து தன் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார்.

“முடிஞ்சுபோச்சுலே,” என்றார்.

டீச்சர் அட்டைப் பெட்டிகளை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “மேனேஜர்கிட்ட என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?” என்று கேட்டார்.

அரியமுத்து இளையதன் பிளக்கைத் திரும்ப மாட்டினார். பச்சை விளக்கு வரும் வரை நின்று பார்த்தார். அப்புறம் நெட்வொர்க் அறைக்குப் போனார்.

இசக்கிராஜ் அப்போதுதான் கேட்டிலிருந்து வந்து உட்கார்ந்து முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தான்.

“உக்காரு.”

“இல்ல அண்ணாச்சி, காலையில நான் பேசினது…”

“உக்காருங்கேன்.”

உட்கார்ந்தான். அரியமுத்து மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“நான் இல்லாதப்ப என்னென்ன மாறியிருக்கு? ஒண்ணுவிடாம சொல்லு.”

இசக்கிராஜ் நம்பாதவனாகப் பார்த்தான்.

“எதுலேர்ந்து சொல்ல?”

“முதல்லேர்ந்து சொல்லு.”

அவன் கையில் இருந்த துண்டை மடித்தான். முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

“எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு அண்ணாச்சி. அறந்தாங்கியில, மாமியார் வீட்டுல.”

“அட கிறுக்கா, சொல்லவே இல்லியே! எப்பலே?”

“போன மாசம். உடம்பு சரியில்லாத ஆளைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன். காலையில சொல்லலாம்னு பாத்தேன். நீங்க கதவைச் சாத்திட்டுப் போயிட்டீய.”

“யாரு சாயல்?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“இன்னும் போய்ப் பாக்கல. நான் போனா இங்க வேற யாரு இருக்கா?” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “போன்ல காட்டுனாவ. போன்ல எல்லாக் குழந்தையும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கு.”

அரியமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அறந்தாங்கிக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?”

“நாலரைக்கு ஒண்ணு இருக்கு.”

“அப்போ நாலு மணி வரைக்கும் சொல்லு.”